பதிமூன்று மில்லிமீட்டர் மருமகன்

தங்கைக்குக் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் ரெட்டைக்கண்ணன் செய்த காரியத்தை அந்தக் குடும்பத்தில் இன்றுவரை யாரும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க முடியாதே என்பதுதான் காரணம். ஒன்றரைக் கிலோகூடத் தேறாத மருமகனை ஒரே படத்தில் யானைக்குட்டி அளவுக்கு ஊதிவிட்டான். அதுவும் நடுக்கடலில் இருக்கிற அப்பனுக்கு அனுப்பிய படத்தில்.

ரெட்டைக்கண்ணன் என்பது தொழிலை வைத்து வீட்டார் ஒட்டிய பெயர். பள்ளிக்கூடப் புத்தகங்களுக்காகப் பூச்சி பொட்டுகளை இரட்டைப் படமாக எடுத்துக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. கேமராவை ஒரு சின்னத் தண்டவாளத்தில் ஏற்றி, இடது கண்ணுக்கு ஒரு படம் எடுப்பான். பிறகு கேமராவை வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, வலது கண்ணுக்கு இன்னொரு படம். இரண்டு வில்லை பதித்த அட்டைப் பெட்டிக்குள் போனைச் செருகி அந்த ஜோடிப் படத்தைப் பார்த்தால், பொருள் கைக்கெட்டும் தூரத்தில் உருண்டு திரண்டு நிற்கும். தங்கையின் கல்யாணத்துக்கு அவன் கொடுத்த பரிசே அப்படி ஒரு பெட்டிதான். மாப்பிள்ளை வீட்டார் அதை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் அதைக் கப்பலுக்கே எடுத்துக்கொண்டு போனான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மனிதனின் இரண்டு கண்ணுக்கும் இடையே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர், அதாவது அறுபத்தைந்து மில்லிமீட்டர். கேமராவையும் அதே அளவு தள்ளி எடுத்தால் எல்லாம் உள்ள அளவில் தெரியும். அதற்கு மேல் தள்ளினால் மலைகூட மேசை மேல் வைத்த பொம்மை மாதிரி ஆகிவிடும். குறைவாகத் தள்ளினாலோ, பார்ப்பவனுக்கு எறும்பின் கண்ணை வாங்கி மாட்டிவிட்ட கதை. எதிரே இருப்பதெல்லாம் பூதமாக எழுந்து நிற்கும். எறும்பைப் பூதமாக்கித்தான் ரெட்டைக்கண்ணன் பதினைந்து வருஷமாகச் சோறு தின்கிறான்.

குழந்தை ஏழு வாரம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள், வெதுவெதுப்பில், மூக்கில் ஒரு மெல்லிய குழாயோடு படுத்திருந்தான். நெஞ்சு நன்றாக இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது, வளர வேண்டியது ஒன்றுதான் பாக்கி என்று டாக்டர் சொன்னார். தங்கை அந்த நிமிஷமே பிள்ளைக்குக் ‘குண்டு’ என்று செல்லப் பெயர் வைத்தாள். அழுத்தக்காரி, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அவள் பயமெல்லாம் கப்பலில் இருக்கிற புருஷனைப் பற்றித்தான். மாப்பிள்ளை ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் மெக்கானிக். தங்கமான மனுஷன், ஆனால் வீட்டில் யாராவது தும்மினாலே ஆடிப்போய்விடுவான். கல்யாணமான புதிதில், அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் கேப்டனிடம் போய்க் கப்பலைத் திருப்பச் சொன்னவன். இருபதாயிரம் டன் கோதுமையோடு திருப்ப வேண்டுமாம். கேப்டன் சிரித்து அனுப்பிவிட்டார். அந்த நினைப்பிலேயே வேலைக்குப் போனவன் கொதிக்கிற நீராவிக் குழாயில் உள்ளங்கையை வைத்துவிட்டான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அடுத்து அவன் கரையிறங்க ஐம்பத்தைந்து நாள் கிடந்தது.

“அண்ணா, பிள்ளை சின்னவன்னு தெரிஞ்சா அவர் தூங்கமாட்டார். தூங்காம அந்த மெஷின் பக்கத்துல நின்னா இந்தத் தடவை கையோட போகாது,” என்றாள் தங்கை. “அவர் முழுசா வீடு வந்து சேரணும். அதுவரைக்கும் தெரிய வேண்டாம்.”

டாக்டர் தேதியைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார், குழந்தை முழுசாகத்தான் பிறந்திருக்கிறான், கண்ணாடிப் பெட்டியில் எல்லாக் குழந்தையையும்தான் வைக்கிறார்கள் என்று செய்தி போனது. சாதாரணப் படம் ஒன்றும் போனது. மாப்பிள்ளை விடவில்லை. தட்டைப் படத்தில் பிள்ளை எவ்வளவு பெரியவன் என்று எப்படித் தெரியும், மச்சானை ரெட்டைப் படம் எடுக்கச் சொல், பெட்டியில் போட்டுப் பார்க்கிறேன் என்று பதில் எழுதினான். தங்கை அண்ணனைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

“கொஞ்சமா பெருசாக்கு. பொறந்த குழந்தை மாதிரி இருந்தாப் போதும்,” என்றாள்.

ரெட்டைக்கண்ணன் கணக்குப் போட்டான். நிறைமாதக் குழந்தையின் தலை சுற்றளவு முப்பத்தைந்து சென்டிமீட்டர். குண்டுவுக்கு இருபத்தெட்டு. கேமராவை ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் சரியாக இருக்கும். பொய் கால் பங்குதான், பாவமும் கால் பங்குதான். பெரிய சிஸ்டரிடம் கெஞ்சி ஐந்து நிமிஷம் அனுமதி வாங்கினான். கையை முழங்கைவரை கழுவினான், கேமராவைத் துடைத்தான், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவே குண்டு கொட்டாவி விட்டதால் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. கப்பலில் இணைய வசதி ஒரு நாளைக்கு அரைமணி நேரந்தான். சீக்கிரம் அனுப்பு, சீக்கிரம் அனுப்பு என்று தங்கை உயிரை வாங்கினாள். அனுப்பிவிட்டான்.

வீட்டுக்குப் போய்த் தண்டவாளத்தைத் துடைக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. முந்தின நாள் ஒரு கட்டெறும்பைப் படம் எடுத்திருந்தான். கேமரா அதற்கு மேல் நகராமல் தடுக்கிற திருகு, அன்றைக்கு வைத்த இடத்திலேயே, பதிமூன்று மில்லிமீட்டரில் இறுகிக் கிடந்தது. கை பழக்கத்தில் திருகுவரை தள்ளி, டக்கென்று இடித்ததும் எடுத்துவிட்டிருக்கிறது. பெட்டியை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தான். மருமகன் ஐந்து மடங்கு பெருத்து, ஒரு கட்டிலை முழுசாக அடைத்துக்கொண்டு, ஏப்பம் விட்ட பண்ணையார் மாதிரி மல்லாந்து கிடந்தான். ஓரத்தில் பெரிய சிஸ்டரின் சுண்டுவிரல் தூண் மாதிரி இறங்கியிருந்தது.

மறுநாள் கப்பலிலிருந்து பதில் வந்தது. “மச்சான், இவனை எப்படித் தூக்குறாங்க? கிரேன் வச்சா?” அதற்குக் கீழே இன்னும் நீளமாக எழுதியிருந்தான். கப்பலே வரிசையில் நின்று பார்த்ததாம். சமையல்காரர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டாராம். கேப்டன் இரண்டு தடவை பார்த்துவிட்டு, இவன் பெரியவனானால் தனக்கு வேலை போய்விடும் என்றாராம். கடைசியில் ஒரு வரி: அந்த சிஸ்டரோடு யாரும் சண்டைக்குப் போகாதீர்கள், விரலே அப்படி இருக்கிறது.

பிரசவ வார்டில் அதைப் படித்த தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். என்ன சத்தம் என்று அதட்ட வந்த பெரிய சிஸ்டர் ஊதினால் பறக்கிற உடம்புக்காரி. பெட்டியை வாங்கித் தன் சுண்டுவிரலைப் பார்த்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இதை ஒன்று தன் வீட்டுக்காரருக்கும் அனுப்ப முடியுமா, கொஞ்சம் பயந்து கிடக்கட்டும் என்று கேட்டாள். அன்றிலிருந்து ரெட்டைக்கண்ணனுக்கு ஐந்து நிமிஷம் பத்து நிமிஷமானது.

சிரிப்பு ஓய்ந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. இன்றைக்கு ஐம்பத்திரண்டு வைத்து ஒழுங்காக எடுத்து அனுப்பினால், ஒரே நாளில் பிள்ளை கால்வாசியாக வற்றிவிடுவான். மாப்பிள்ளை அங்கே கடலில் குதிப்பான். படம் தப்பு, அளவைக் கூட்டிக் குறைக்கலாம் என்று உண்மையைச் சொன்னாலோ, உண்மையான அளவு என்ன என்றுதான் அடுத்த கேள்வி வரும். அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“குழந்தை இளைக்கக் கூடாது,” என்றாள் தங்கை தீர்மானமாக.

“இளைக்காம எப்படிம்மா? அவர் வந்து கையில வாங்கும்போது இவன் ஆறடி இருக்கணுமா?”

“தெரியாம இளைக்கட்டும். தினம் துளித் துளியா.”

ரெட்டைக்கண்ணன் விரலை மடக்கினான். பதிமூன்றிலிருந்து அறுபத்தைந்துக்கு ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். மாப்பிள்ளை வந்து இறங்க ஐம்பத்திரண்டு நாள். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளிக்கொண்டே போனால், அப்பன் வாசலில் கால் வைக்கிற அன்றைக்குப் பொய் தானாகத் தீர்ந்துபோகும். இரண்டு முறை எண்ணிப் பார்த்தான், சரியாகவே வந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், நாற்பது வயதுக்காரன், இரண்டு சுற்று சுற்றி ஆடினான். மருந்து வண்டி தள்ளிக்கொண்டு வந்தவர் ஒதுங்கி வழிவிட்டார்.

அதன்பிறகு அது ஒரு வேலையாகவே ஆனது. ரெட்டைக்கண்ணன் தினமும் திருகைத் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் தள்ளி, இறுக்குவான். விரலோ குழாயோ பால் ஊட்டுகிற சின்னக் கிண்ணமோ, அளவைக் காட்டிக்கொடுக்கிற எதுவும் சட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வான். நிஜத்தில் குண்டு கிராம் கிராமாக ஏறினான். படத்தில் துளித்துளியாக இறங்கினான். கப்பலிலிருந்து தினமும் ஒரு கேலி வந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கான சட்டை வாங்கிவிட்டேன், இறுக்கிப் பிடிக்குமோ என்று பயமாக இருக்கிறது என்றான் ஒரு நாள். கட்டிலை இரும்பில் அடிக்கச் சொல்லுங்கள் என்றான் இன்னொரு நாள். தங்கை ஒவ்வொன்றையும் வார்டு முழுக்கப் படித்துக் காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரிகள் காலை டீயோடு அதற்காகக் காத்திருந்தார்கள்.

பத்தொன்பதாம் நாள் மட்டும் அப்படி இல்லை. குண்டு இரண்டு நாளாகப் பாலைத் தங்கவிடவில்லை. எடை ஏறவில்லை, முப்பது கிராம் இறங்கியும்விட்டது. இது நடக்கிறதுதான், பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்தப் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லைத் தங்கையால் தாங்க முடியவில்லை. ரெட்டைக்கண்ணன் போனபோது, கண்ணாடிப் பெட்டியின் பக்கமே திரும்பாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணா, இன்னைக்குப் பதிமூணுல எடு. அவருக்கு வேண்டாம். எனக்கு,” என்றாள்.

அவன் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் எடுத்துக் கொடுத்தான். அவள் பெட்டியைக் கண்ணோடு அழுத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். உள்ளே அவள் பிள்ளை மலை மாதிரி படுத்திருந்தான். கன்னம் ஒரு தலையணை, கால் கட்டைவிரல் ஒரு கொய்யா. மெல்ல மெல்ல அவள் மூச்சு சீரானது. ரெட்டைக்கண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். மாப்பிள்ளைக்கு வழக்கம்போல இருபத்தொன்பது மில்லிமீட்டர் படம் போனது. அன்றைய பதிலில் கேலி இல்லாதது ரெட்டைக்கண்ணனுக்கு விநோதமாகப் பட்டது. எந்த மெஷினும் இரண்டு நாள் திணறும், மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டு ஓடும், நீ சாப்பிட்டாயா என்று மட்டும் இருந்தது. கப்பலில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதோடு விட்டுவிட்டான். குண்டுவும் மறுநாள் பாலைக் குடித்தான், அதற்கு மறுநாள் இன்னும் கேட்டு அழுதான்.

முப்பத்தெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய சிஸ்டர் வாசல்வரை வந்து, சுண்டுவிரலை ஆட்டி வழியனுப்பினாள். வீட்டில் குண்டுவுக்குப் பசி என்றால் அப்படி ஒரு பசி. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான், குடிப்பான், தூங்குவான், மறுபடி கத்துவான். தண்டவாளத்தில் கேமரா நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று என்று நகர்ந்துகொண்டே போனது.

மாப்பிள்ளை ஒரு காலை நேரத்தில் வந்து இறங்கினான், இரண்டு கையும் முழுசாக. பையை வாசலிலேயே போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினான். ரெட்டைக்கண்ணன் மனசுக்குள் மறுபடி கணக்குப் போட்டான். கடைசிப் படம் அறுபத்தைந்து மில்லிமீட்டரில் எடுத்ததுதான், எல்லாம் கணக்குப்படிதான், ஆனாலும் முதல் படம் மனதில் நின்றிருந்தால் என்ன செய்வது? மாப்பிள்ளை பிள்ளையை வாங்கினான். மேலும் கீழும் பார்த்தான். பிறகு முகத்தை அந்தச் சின்ன வயிற்றில் புதைத்துக்கொண்டு, நிமிரவே இல்லை.

தங்கைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: ஏழு வாரம் முன்னால் பிறந்தது, பெட்டி, குழாய், அண்ணனின் எறும்புக் கணக்கு எல்லாம். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தாமலேயே கேட்டுக்கொண்டிருந்தான்.

“தெரியும்,” என்றான்.

தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

“மச்சான், நீங்க விரலை மறைச்சீங்க, குழாயை மறைச்சீங்க. அவன் தலைமாட்டுல, கண்ணாடிப் பெட்டியில, ஒரு போல்ட் இருந்தது, அதை மறைக்கல. பத்தாம் நம்பர் ஸ்பேனர் போடுற போல்ட். தினம் நூறு தடவை என் கையில புரளுறது. முதல் படத்துல அது என் உள்ளங்கையில பாதி அகலம் தெரிஞ்சுது. அப்படி ஒரு போல்ட்டை எந்த ஆஸ்பத்திரியிலயும் போடமாட்டாங்க.”

அதன் தலை சரியாகப் பத்து மில்லிமீட்டர் அகலம். பிள்ளையின் தலை அதைப்போல எத்தனை மடங்கு என்று அளந்து பார்த்தானாம். உண்மையான அளவு கிடைத்துவிட்டது. முதல் நாள் தூக்கம் வரவில்லை. அதிகாரியிடம் போய், இரண்டு நாள் சூடான மெஷின் பக்கம் தன்னை விடாதீர்கள் என்று அவனே கேட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு தினமும் அளந்தான், எஞ்சின் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதினான். படத்தில் நாளுக்கு நாள் இளைத்த பிள்ளை, போல்ட்டோடு வைத்துப் பார்த்தால் நாளுக்கு நாள் வளர்ந்தான். அந்த எண் ஏற ஏறத் தனக்குத் தூக்கம் வந்துவிட்டது என்றான். பத்தொன்பதாம் நாளோடு நாலு நாள் எண் நகராமல் நின்றபோது மட்டும், அந்தச் சுவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டானாம்.

“தெரிஞ்சுதானா அந்தக் கிரேன், மூணு வயசுச் சட்டை எல்லாம்?” என்று கேட்டாள் தங்கை.

“கிரேன்னு எழுதினதுக்கு நீ சிரிச்சேன்னு மச்சான் எழுதினார். சரி, சிரிக்கட்டும்னு விட்டேன்.”

அவன் பையைத் திறந்தான். மூன்று வயதுச் சட்டை எதுவும் அதில் இல்லை. ஒரு சின்னத் துணிப்பையிலிருந்து ஏழு குல்லாய்களை எடுத்துப் பாய்மேல் வரிசையாக வைத்தான். பழைய பனியன் துணியை வெட்டி, வாரத்துக்கு ஒன்றாக, அந்தந்த வாரத்துத் தலை அளவுக்கு அவனே கையால் தைத்தவை. தையல் கோணல்மாணல்தான், ஆனால் ஓரமெல்லாம் உறுத்தாமல் உள்ளே மடித்திருந்தது.

தங்கை முதல் குல்லாயை எடுத்தாள். அதைத் தன் மூடிய கைமேல் போட்டுப் பார்த்தாள். கைக்கே ஏறக்குறைய சரியாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து நாளும் பக்கத்திலேயே இருந்தவள், குண்டு குண்டு என்று கூப்பிட்டவள், பயம் வந்தபோதெல்லாம் பெட்டிக்குள் மலையைப் பார்த்துக்கொண்டவள்.

“இவ்ளோ சின்னவனாவா இருந்தான்?” என்றாள்.

அவள் குல்லாயைக் கையிலிருந்து கழற்றாமலேயே அழுதாள். அத்தனை நாளும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். மாப்பிள்ளை தழும்பு விழுந்த கையை அவள் முதுகில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அப்பாவின் மடியில் கிடந்த குண்டுவுக்கு இதில் எந்த அக்கறையும் இல்லை. பசி வந்ததும் வாயைத் திறந்து கூரை பறக்கக் கத்தினான்.

அவனைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஏழாவது குல்லாயை எடுத்தான். வீட்டில் எடுத்த படங்களில் ஒரு போல்ட்டும் கிடைக்கவில்லை. வளர்ந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டு, இன்றைய தேதிக்கு என்று தைத்தது அது. தலையில் வைத்தான். இறங்கவில்லை. இழுத்தான், சுற்றிப் போட்டுப் பார்த்தான், காதுப் பக்கமிருந்து நுழைத்துப் பார்த்தான். குல்லாய் உச்சந்தலையில் பாட்டில் மூடி மாதிரி உட்கார்ந்தது. குண்டு தலையை ஒரு ஆட்டு ஆட்டினான். அது தெறித்து ரெட்டைக்கண்ணன் காலடியில் விழுந்தது.

“பத்தல,” என்றான் மாப்பிள்ளை. அவனால் நம்ப முடியவில்லை. “மச்சான், கணக்கு தப்பாப் போச்சு. பத்தவே இல்ல.”

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே முதலில் அவள்தான் சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு மாப்பிள்ளை, பிறகு ரெட்டைக்கண்ணன். யாராலும் நிறுத்த முடியவில்லை. மூன்று பேர் சத்தத்தையும் மீறிக் கத்திக்கொண்டிருந்த பிள்ளையை அவள் வாங்கி, பால் கொடுக்க உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.